சரிவுத் துண்டின் செடிகள்

கலாசாலை விடுதி,
1959 மே 3.

அன்பு மனைவி பூரணிக்கு,

கந்தப்பன் எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வெயில்தான் ஆளை உருக்குகிறது. கொட்டகலைக் குளிரில் வளர்ந்த உடம்புக்கு இந்த வடக்குச் சீமை ஒத்துவரவில்லை. நீ வேலைக்குப் போனதும் மீனம்மா பிள்ளைக் காம்பராவில் அழாமல் இருக்கிறாளா? அவளுக்கு நாலு வயது முடிவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்.

ஒரு கவலைச் செய்தியும் உண்டு. வாத்தியார் பயிற்சியின் இறுதிப் போதனைப் பரீட்சைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்த பாடம் 'கூர்ப்பு'. உயிர்கள் ஆதியிலிருந்து எப்படி மாறிமாறி வந்தன என்பதைச் சொல்லும் பாடம், பரிணாமம் என்றும் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் விளக்க வேண்டும். பின் வரிசை வாங்கில் பரீட்சகர் உட்கார்ந்து பார்ப்பார்.

போன தவணை நான் பாடம் எடுத்துத் தவறியது உனக்குத் தெரியும். "கந்தப்பன், நீர் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினீர், படிப்பிக்கேல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார் இதே பரீட்சகர். இம்முறையும் தவறினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலையும் இல்லை. அப்பா பிடித்த கவாத்துக் கத்தியை நானும் பிடிக்க வேண்டியதுதான்.

உன்னிடம் இதையெல்லாம் சொல்லி என்ன? இது உனக்குப் புரிகிற விஷயமில்லை. மனப்பாரம் குறையட்டும் என்றுதான் எழுதினேன்.

இன்னொன்று. நான் வருவதற்குள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து உன் பேரை வெட்டிவிடு. பயிற்சி பெற்ற வாத்தியாரின் சம்சாரம் தலையில் கூடை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் நன்றாகவா இருக்கும்?

உன் கணவன்,
கந்தப்பன்.


ஊசிமலைத் தோட்டம்,
கொட்டகலை,
1959 மே 11.

என் மச்சானுக்கு,

பூரணி எழுதிக்கொண்டது. நானும் மகளும் சுகம். மீனம்மா அழுவதில்லை, மற்றப் பிள்ளைகளை அழ வைக்கிறாள். ஆயாம்மா தினமும் என்னிடம் பிராது சொல்கிறாள். அப்பனைப் போல வாத்தியாராக வருவாள் போல.

கொழுந்து கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இந்த நேரம் பார்த்துப் பேரை வெட்டச் சொல்கிறீர்கள். நல்லா இருக்குதே நியாயம்! நீங்கள் படிக்கப் போன இரண்டு வருஷமும் இந்தக் கூடைதானே நம் வீட்டு அடுப்பை எரிய வைத்தது? இப்போது அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டதா?

ஒரு புதினம் கேளுங்கள். தோட்டத்தில் இனி விதை போட்டுத் தேயிலை வளர்க்கப் போவதில்லையாம். நல்ல செடியாகப் பார்த்து, அதன் கிளையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டுப் பிள்ளை எடுப்பார்களாம். அதற்குத் 'தாய்ச் செடி' தேடுகிறார் துரை. எப்போதும் எங்களை அதட்டி வேலை வாங்குகிற கண்டாக்கையா, காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் பெரட்டிலேயே எங்களுக்கெல்லாம் சிவப்புத் துணிக் கீற்றுக் கொடுத்து, "பொம்பளைங்க, ஒங்களுக்குத்தான் எந்தச் செடி நல்ல செடின்னு தெரியும். பாத்துக் கட்டி விடுங்க" என்றார். எங்களைக் கேட்டு ஒரு காரியம் செய்ததை என் பிறவியில் இப்போதுதான் பார்க்கிறேன்.

அது போகட்டும். எனக்குப் புரியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? அஞ்சாம் வகுப்பில் கணக்கில் உங்களை முந்தினவள் நான். மறந்துவிட்டதா? அந்தக் கூர்ப்பை எனக்கு எழுதுங்கள். எனக்குப் புரிந்தால் எட்டாம் வகுப்புக்கும் புரியும். எனக்கே புரியாவிட்டால் பாடத்தில் ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூரணி.


கலாசாலை விடுதி,
1959 மே 18.

அன்புள்ள பூரணிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கணக்கில் நீ முந்தினது ஒரே ஒரு தவணை. சரி, உனக்காகவே எளிமையாய் எழுதுகிறேன். உன் தேயிலையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

நாம் சிறுவர்களாய் இருந்தபோது தோட்டத்தில் கொப்புள நோய் வந்ததல்லவா? துளிர் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கொப்புளம் போட்டு உதிர்ந்தது. அப்போது தேயிலைச் செடி என்ன செய்தது? நோயோடு போராடிப் போராடிப் பழகியது. தன்னைக் காத்துக்கொள்ள இலையைத் தடிப்பாக்கிக்கொண்டது. அப்படிப் பழகிக்கொண்ட குணத்தைத் தன் பிள்ளைச் செடிகளுக்கும் கொடுத்தது. இப்படித் தேவைக்கேற்ப உயிர்கள் தங்களை மாற்றிக்கொண்டு வருவதுதான் கூர்ப்பு. குரங்கும் அப்படி மாறித்தான் மனிதனாகியது.

எப்படி? புரிந்ததா? அறை நண்பர்களிடம் சொல்லிக் காட்டினேன். "பிரமாதம்" என்றார்கள். ஜூன் 24-ஆம் திகதி பரீட்சை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடை.

பேரை வெட்டுவது பற்றி நீ சரியாகப் பதில் எழுதவில்லை.

கந்தப்பன்.


ஊசிமலைத் தோட்டம்,
கொட்டகலை,
1959 ஜூன் 9.

என் மச்சானுக்கு,

பூரணி. சுகம். தேங்காய் உடைத்தாயிற்று. ஆனால் இந்தப் பாடத்தோடு போனால் பிள்ளையாரும் உங்களைக் காப்பாற்ற மாட்டார்.

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. உடனே பதில் எழுதியிருப்பேன். ஆனால் மழை பிடித்துக் கொப்புளம் மறுபடி வரட்டும், கண்ணால் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். வந்துவிட்டது. பார்த்துவிட்டேன். நீங்கள் எழுதினது தப்பு மச்சான்.

எந்தச் செடியும் பழகவில்லை. எந்தச் செடியும் இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளவில்லை. நான் ஏழாம் நம்பர் மலையில் பன்னிரண்டு வருஷமாக அதே செடிகளைத் தொடுகிறேன். மெல்லிசு இலைக்காரி அன்றைக்கும் மெல்லிசு, இன்றைக்கும் மெல்லிசு. அன்றைக்கும் கொப்புளம், இன்றைக்கும் கொப்புளம். தடித்த இலைக்காரி நோய் வருவதற்கு முன்னாலேயே தடிப்பு. "அந்தச் செடி கொழுந்து ஒடைக்கக் கையி நோகும்" என்று அம்மா வையும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் செடிக்கு நோய் வரப்போவது முன்கூட்டித் தெரியுமா என்ன?

உங்களுக்குச் சரிவுத் துண்டு ஞாபகம் இருக்கும். வெள்ள வருஷத்தில் மண் சரிந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாகப் போன துண்டு. அதற்குப் பிறகு அங்கே கொழுந்து எடுப்பதில்லை, கவாத்து இல்லை, மருந்து அடிக்கிற ஆட்களும் போவதில்லை. செடியெல்லாம் மரமாய் வளர்ந்து, பூத்து, காய்த்து, விதை தானாய் விழுந்து முளைத்துக் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை என்கூடக் கொழுந்து எடுக்கிற ராக்காயியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அட்டை கடித்த கால் இன்னும் ஊறுகிறது. உங்கள் பரீட்சைக்காகத்தான்!

அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். கீழே முளைத்த சின்னக் கன்றுகளில் எல்லா ரகமும் இருக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒன்றுபோல இருக்குமா? மெல்லிசு, தடிப்பு, இரண்டுங்கெட்டான். மெல்லிசுக் கன்றெல்லாம் கொப்புளம் போட்டு, இலை உதிர்ந்து, குச்சியாய் நிற்கிறது. அது விதை விடுகிற வயதுக்கு வரவே வராது. வயதுக்கு வந்து நிற்கிற இளமரங்களைப் பார்த்தால் பத்தில் எட்டு தடித்த இலை. அந்த எட்டுதான் அடுத்த விதையைப் போடும். தாயைப் போல பிள்ளை என்பது பெரும்பாலும் சரிதானே? அதனால் அடுத்த முளையில் தடிப்புக் கன்று இன்னும் கூடுதலாக இருக்கும். இப்படியே நூறு வருஷம், ஆயிரம் வருஷம் போனால் அந்தத் துண்டில் மெல்லிசு இலை என்ற ஒன்றே இல்லாமல் போகும். பார்க்கிறவன் "அடேயப்பா, செடி மாறிப்போச்சு" என்பான். ஒரு செடியும் மாறவில்லை மச்சான். கூட்டம் மாறியது.

ஏழாம் நம்பரில் கண்டாக்கையா சொல்லி நாங்கள் துணி கட்டிப் பொறுக்குகிறோம். சரிவுத் துண்டில் பொறுக்குகிறது யார்? யாரும் இல்லை. மழையும் நோயும்தான். அதுகளுக்கு ஒரு யோசனையும் கிடையாது. வலுத்தவன்தான் வாழ்வான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். கொப்புளம் வராத காய்ந்த மலையாக இருந்திருந்தால் வேறு செடி நின்றிருக்கும். எந்த இடமோ அந்த இடத்துக்குத் தோதானது நிற்கிறது, அவ்வளவுதான்.

பழகினது பிள்ளைக்குப் போகும் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. எங்கள் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தது. விரல் எல்லாம் கறை ஏறிக் கறுத்து, வெடித்து, மரப்பட்டை மாதிரி இருக்கும். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அம்மாச்சிக்கும் அப்படித்தானாம். நான் பிறந்தபோது என் விரல் கறுப்பாகவா இருந்தது? இப்போது என் தலையிலும் தடம் விழுந்துவிட்டது. நேற்று மீனம்மாவுக்கு எண்ணெய் வைக்கும்போது அவள் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். வழவழ என்று இருக்கிறது. மூன்று தலைமுறையாய் நாங்கள் சுமந்தது ஒரு நூல் அளவுகூட அவள் மேல் ஒட்டவில்லை. அதை நினைத்து அழுகை வந்தது, சந்தோஷ அழுகைதான்.

குரங்குக்கு வருவோம். ஏதாவது ஒரு வாலு எழுந்து, "குரங்கு மனுசனாச்சுன்னா இன்னும் ஏன் குரங்கு இருக்கு?" என்று கேட்கும். அதற்கும் செடியையே காட்டுங்கள். மெல்லிசு இலைக்காரியும் தடித்த இலைக்காரியும் ஒரே பழைய மரத்து வம்சம். ஒன்று இன்னொன்றுக்குத் தாய் இல்லை, பங்காளி. நாமும் குரங்கும் அந்த மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா என்று உங்கள் புத்தகத்தில் பாருங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தடிப்பில் இரண்டு இலையும் மெல்லிசில் இரண்டு இலையும் பழைய கடதாசிக்குள் வைத்து அனுப்புகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தொடச் சொல்லுங்கள்.

தைரியமாய்ப் போங்கள். நீங்கள் தேறுவீர்கள்.

பூரணி.


கலாசாலை விடுதி,
1959 ஜூன் 27.

என் உயிரான பூரணிக்கு,

தேறிவிட்டேன்! சான்றிதழ் நிச்சயம்!

நீ எழுதினது சரிதான். புத்தகத்தை மூன்று தரம் திரும்பப் படித்தேன். நான்தான் தலைகீழாய் விளங்கிக்கொண்டிருக்கிறேன். குரங்கு விஷயமும் நீ சொன்னபடியே இருக்கிறது.

வகுப்பில் இலைகளைக் கையில் கொடுத்தேன். சரிவுத் துண்டைப் பலகையில் வரைந்தேன். தாயின் விரல் கறையும் தலைப் பள்ளமும் பிள்ளைக்கு வருமா என்று கேட்டேன். நாற்பது பிள்ளைகளும் தங்கள் தலையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து, "சேர், செடி மாறேல்லை, கூட்டம்தான் மாறினது" என்று அவளாகவே சொன்னாள். நீ சொன்ன வாலும் எழுந்து குரங்குக் கேள்வியைக் கேட்டது!

முடிந்ததும் பரீட்சகர் எழுந்து வந்து கை கொடுத்தார். "இருபது வருசமாய் இந்தப் பாடத்தைப் பார்க்கிறன். இப்பிடி ஒருத்தரும் படிப்பிச்சதில்லை. இந்தச் செடியின்ரை கதையை உமக்கு ஆர் சொன்னது?" என்றார். சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள். "எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு சொன்னார், சேர்" என்றேன். கலாசாலை மலருக்குக் கட்டுரையாய் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.

நீ தப்பாக எடுக்கக் கூடாது. வந்த முதல் நாளே, என் மனைவி வீட்டோடு இருக்கிறாள் என்று இங்கே சொல்லிவிட்டேன். ஏற்கெனவே முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டான் என்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும்? நம் இருவருக்கும் தெரிந்தால் போதாதா?

ஆகஸ்டில் வருகிறேன். அதற்குள் பேரை வெட்டிவிடு, கண்ணல்லவா?

உன் கந்தப்பன்.


ஊசிமலைத் தோட்டம்,
1959 ஜூலை 4.

கந்தப்பன் வாத்தியாருக்கு,

தேறினது சந்தோஷம். அதில் பொய் இல்லை. கடிதத்தை ராக்காயிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தேன். கண்டாக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். "அப்புறம் என்னடி?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். உங்களை அவள் முன் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உங்களுக்கு அந்த மனம் வந்திருக்கிறது.

இங்கே நடந்ததையும் கேளுங்கள். கடிதம் வந்த அதே நாள் துரை ஏழாம் நம்பருக்கு வந்தார். நான் துணி கட்டின செடி முன்னால் நின்று, "இது யார் பார்த்த செடி?" என்று கேட்டார். கண்டாக்கையா நினைத்திருந்தால் 'நான்தான் பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பூரணி காட்டுன செடிங்க தொரை" என்றார். தாய்ச் செடியாக அதை எடுத்திருக்கிறார்கள். கண்டாக்கையா என் பேரைச் சொன்னார். என் புருஷன் கண்டாக்கையா பேரைச் சொன்னார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல இரண்டு வருஷம் என்னை மறைத்து வைத்திருக்கிறீர்கள். காலைப் பெரட்டில் என் பேரைக் கூப்பிடும்போது "இருக்கேன்" என்று சத்தமாய்ச் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அங்கே என்னைப் பற்றிக் கேட்டபோது நீங்கள்தான் "இல்லை" என்று சொல்லியிருக்கிறீர்கள். பேரை வெட்டு வெட்டு என்று எனக்கு எழுதினீர்களே, அதை நீங்களே முந்திச் செய்துவிட்டீர்கள்.

மனசு வலிக்கிறது. இனிமேல் எழுத ஒன்றும் இல்லை.

பூரணி.


கலாசாலை விடுதி,
1959 ஜூலை 16.

பூரணி,

இதற்கு முன் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மீனம்மா எப்படி இருக்கிறாள் என்றாவது ஒரு வரி எழுது. கட்டுரை எழுத உட்காருகிறேன், முதல் வரி வரமாட்டேன் என்கிறது. "எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு" என்று எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். கை எழுதினாலும் மனசு ஏற்கவில்லை.

கந்தப்பன்.


கலாசாலை விடுதி,
1959 ஜூலை 31.

பூரணி,

நீ இதைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டாலும் எனக்குச் சொல்ல உரிமை இல்லை. ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன்.

பரீட்சகர் போன வாரம் திங்கட்கிழமை கலாசாலைக்கு வந்திருந்தார். எல்லாரும் மண்டபத்தில் இருக்கும்போதே எழுந்து நின்றேன். "சேர், அந்தச் செடிக் கதையைக் கண்டாக்கு சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் என் மனைவி சொன்னாள். நான் தப்பாய் எழுதினதைத் திருத்தினதும் அவள்தான்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பிறகேன் மறைச்சீர்?" என்றார். வெட்கம் என்றேன். "அவ கொழுந்து எடுக்கிறதிலயோ, உம்மைத் திருத்தினதிலயோ?" என்றார். இரண்டும்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

எனக்கு முதலாம் தரம் போட்டிருந்தாராம். சொன்ன பொய்க்காக இரண்டாம் தரமாக்கிவிட்டார். சான்றிதழ் உண்டு, பரிசு இல்லை. அது நியாயம்தான். அன்றைக்கு இரவு சாப்பாட்டு அறையில் பலர் என்னோடு பேசவில்லை. எனக்கு என்னவோ சோறு ருசியாக இருந்தது.

கட்டுரை அச்சாகிவிட்டது, இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வரியைப் பார். "ஊசிமலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் என் மனைவி பூரணி எனக்குச் சொன்னது" என்று தொடங்கும்.

இனி உன்னைப் பேரை வெட்டச் சொல்ல மாட்டேன். ஆகஸ்டு 14, வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டகலையில் இறங்குகிறேன். மீனம்மாவோடு ஸ்டேசனுக்கு வருவாயா? வராவிட்டால் நான் எங்கே போவது என்றாவது எழுது.

கந்தப்பன்.


ஊசிமலைத் தோட்டம்,
கொட்டகலை,
1959 ஆகஸ்டு 6.

மச்சானுக்கு,

பூரணி. மீனம்மா சுகம். உங்கள் கட்டுரையில் அவளுக்கு என் பேரைக் காட்டினேன். நான் வாசித்துச் சொன்னதும், "அம்மா, நீ பொஸ்தகத்துக்குள்ள இருக்க!" என்று லயத்து வீட்டு வாசல் எல்லாம் கத்திக்கொண்டு ஓடினாள். ராக்காயிக்கு இப்போது முழுக் கதையும் தெரியும். "போனா போகுதுடி, தப்பைத் தானே ஒத்துக்கிட்டாரு" என்கிறாள். நான் அவ்வளவு சீக்கிரம் விட மாட்டேன்.

ஸ்டேசனுக்கு வர மாட்டேன். வெள்ளிக்கிழமை வேலை நாள், எனக்குப் பெரட்டு இருக்கிறது. நீங்கள் ரயிலை விட்டு இறங்கி, லயத்துக்குப் போகாமல், அந்த வெள்ளை வேட்டி சட்டையோடு நேரே ஏழாம் நம்பர் மலைக்கு வாருங்கள். தாய்ச் செடியைக் காட்டுகிறேன். சாயந்திரம் கொழுந்து நிறுக்கிற நேரம் கண்டாக்கையா, கங்காணி, இருபத்தெட்டுப் பொம்பளைகள், எல்லாரும் இருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் என் கூடையை நீங்கள் வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டி, நிறுவைக்குக் கொண்டு போக வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவோம். கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன்.

தலையில் கொஞ்சம் தடம் விழும். பயப்படாதீர்கள், அது பிள்ளைக்கு ஒட்டாது.

உங்கள் பூரணி.